ஈக்யூ-5 மவுண்ட்: வியாழன் நழுவுகிறது, துருவ நட்சத்திரமோ தெரியவில்லை (மதுரை)

மொட்டைமாடி:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 6 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த டெலஸ்கோப்) இருக்கிறது, குவிய நீளம் 750 மி.மீ. அதற்காக மோட்டார் வைத்த ஈக்யூ-5 மவுண்ட் (வானத்தின் சுழற்சிக்கேற்ப டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கி) வாங்கியிருக்கிறேன். இரண்டு பிரச்சினை. அலைன்மென்டில் (தெரிந்த நட்சத்திரங்களைக் காட்டி மவுண்டுக்கு வானத்தை அடையாளம் காட்டுவது) முதல் நட்சத்திரமாகத் திருவாதிரையைக் கொடுத்தால், டெலஸ்கோப் அதற்கு ரொம்பக் கிழக்கே போய் நிற்கிறது. சரி என்று நானே நகர்த்தி அலைன்மென்டை முடித்தாலும், 10 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வியாழன் பத்து நிமிடத்துக்குள் விளிம்புக்குப் போய்விடுகிறது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. வடக்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைப்பதால் துருவ நட்சத்திரம் தெரியாது, போன் காம்பஸை நம்பித்தான் வைத்தேன். கியர் கோளாறாக இருக்குமோ?

நிலாப்பித்தன்:
மூன்று நட்சத்திர அலைன்மென்ட் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

கோவை_வானம்:
மூன்று நட்சத்திரம் போட்டால் தேடிப் போவது சரியாகும், பின்தொடர்வது ஆகாது. இந்த மவுண்ட் பின்தொடரும்போது பொதுவாக ஒரே அச்சைத்தான் சுழற்றும். அந்த அச்சு வானத்துருவத்தை (வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையப்புள்ளி, துருவ நட்சத்திரத்தை ஒட்டி இருக்கும்) பார்க்காவிட்டால் நழுவத்தான் செய்யும். 1 டிகிரி பிசகினாலே நிமிடத்துக்கு 16 ஆர்க் விநாடி (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஆர்க் விநாடி) வரை விலகும். மூன்று நிமிடத்தில் வியாழனின் அகலம் அளவுக்கு வந்துவிடும்.

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். கிழக்கே தள்ளி நிற்பது எவ்வளவு? கையை நீட்டி ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் விரித்தால் ஏறக்குறைய 15 டிகிரி, அதை வைத்து அளந்து பாருங்கள். வியாழன் நழுவுவது வடக்கு தெற்காகவா, கிழக்கு மேற்காகவா? அச்சின் உயரத்தை எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறீர்கள்?

மொட்டைமாடி:
அளந்தேன் அண்ணா, சரியாக அந்த விரல் அகலம்தான். நழுவுவது பெரும்பாலும் வடக்கே. உயரம் 18-இல் இருக்கிறது. 10-க்கு இறக்கினால் கவுண்டர்வெயிட் (எதிர் எடை) டிரைபாடின் வடக்குக் காலில் இடிக்கிறது.

கோவை_வானம்:
கியர் நன்றாகத்தான் இருக்கிறது. வானம் மணிக்கு 15 டிகிரி நகரும், அதனால் 15 டிகிரி என்றால் ஒரு மணி நேரப் பிழை. கன்ட்ரோலரில் 'டேலைட் சேவிங்' (சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பது) என்ற கேள்விக்கு 'யெஸ்' என்று இருக்கும், 'நோ' ஆக்குங்கள். நேர மண்டலம் +5:30. தேதியில் மாதம்தான் முதலில் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையின் அட்சரேகை 9°55′, அச்சின் உயரமும் அதே அளவுதான் இருக்க வேண்டும். அச்சு 18-இல் நின்றால் 8 டிகிரி பிழை, அதனால்தான் வடக்கே ஓடுகிறது. இந்த மவுண்டுகளை 40, 50 டிகிரி அட்சரேகைக்காரர்களை மனதில் வைத்துச் செய்கிறார்கள் போல. நம் ஊரில் கவுண்டர்வெயிட் கம்பி ஏறக்குறைய நேர்கீழாகத் தொங்கும், காலில் இடிக்காமல் என்ன செய்யும்? டிரைபாட் தலையில் இருக்கும் சின்ன உலோக முளையை எதிர்ப்பக்கம் மாற்ற முடிகிறதா பாருங்கள். முடிந்தால் வடக்குத் திசை இரண்டு கால்களுக்கு நடுவே வரும், எடை இடைவெளியில் இறங்கும். முளை அசையாவிட்டால் டிரைபாடுக்கும் மவுண்டுக்கும் நடுவில் ஒரு நீட்டிப்புக் குழாய் போட வேண்டியதுதான்.

அப்புறம், காம்பஸை இரும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ஐந்தாறு அடி தள்ளி நின்று, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அதன் மேல் டிரைபாடை வையுங்கள்.

மொட்டைமாடி:
டேலைட் சேவிங் 'யெஸ்' என்றுதான் இருந்தது! இப்போது திருவாதிரை ஃபைண்டரிலேயே (குறி பார்க்கும் சின்ன டெலஸ்கோப்) தெரிகிறது. முளை கழன்றது, அச்சும் 10-க்கு வந்துவிட்டது. ஆனாலும் மெதுவாக நழுவுகிறது. துருவ நட்சத்திரம் இல்லாமல் இதற்கு மேல் எப்படி?

கோவை_வானம்:
டிரிஃப்ட் முறை இருக்கிறதே, நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது. பிப்ரவரியில் இரவு எட்டு மணி வாக்கில் ஓரியன் பட்டையின் மேற்கு ஓர நட்சத்திரம் மிண்டாகா உச்சியில் இருக்கும். அது வானநடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் வரும் கோடு) ஒட்டியே இருப்பதால் இதற்கென்றே வைத்த மாதிரி. குறுக்குக் கம்பி உள்ள ஐபீஸில் நடுவில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். கிழக்கு மேற்கு அசைவைக் கண்டுகொள்ளாதீர்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே என்றால் எதிர்ப்பக்கம். எது தெற்கு என்று குழப்பம் வந்தால் குழாயை வடக்கே லேசாகத் தட்டுங்கள். நட்சத்திரம் ஐபீஸில் எந்தப் பக்கம் போகிறதோ அது தெற்கு.

அது அடங்கிய பிறகு கிழக்கே ஆல்ஃபார்ட் என்ற நட்சத்திரத்தைப் பிடியுங்கள். மகத்துக்கு வலப்பக்கம் தனியாக நிற்கும். அது வடக்கே நழுவினால் அச்சு அதிக உயரம், தெற்கே என்றால் தாழ்வு. மறுபடி மிண்டாகாவுக்கு வந்து ஒருமுறை பாருங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் பிடிக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

நிலாப்பித்தன்:
எங்கள் வீட்டு மாடியிலும் வடக்கு தெரியாது, நானும் செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் இதைச் செய்ய வேண்டுமா?

கோவை_வானம்:
வேண்டாம். முடிந்த கையோடு மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் தரையில் பெயிண்டால் வட்டம் போட்டுவிடுங்கள். கால்களின் நீளத்தையும் மவுண்ட் திருகுகளையும் மாற்றாதவரை, அடுத்த முறை மிண்டாகாவை மட்டும் சரிபார்த்தால் போதும்.