யுபிஎஸ் இருந்தும் கரண்டு போனால் இணையம் போய்விடுகிறது, அவசரம்

மழைத்தவளை:
வணக்கம். போன மாதம்தான் 650 விஏ யுபிஎஸ் (கரண்டு போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி) வாங்கினேன், காசு போனதுதான் மிச்சம். சாயங்காலம் மழை பிடித்தால் கரண்டு போகிறது, அது பீப் பீப் என்று கத்துகிறது, இணையமோ அந்த நொடியே போய்விடுகிறது. மகளுக்கு இந்த வருடம் எஸ்பிஎம் பரீட்சை, டியூஷன் ஆன்லைனில், இன்றைக்கு 7:30க்கு வகுப்பு. பேட்டரி போலியா?

கோப்பி ஓ கோசோங்:
அதில் என்னென்ன செருகியிருக்கிறீர்கள்? கரண்டு குடியிருப்புத் தமான் முழுக்கப் போகிறதா, உங்கள் வீட்டில் மட்டுமா?

பட்டர்வொர்த்காரன்:
பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம். ஈய அமில பேட்டரி கடையில் சார்ஜ் இல்லாமல் கிடந்தாலே கெட்டுவிடும். சூடும் அதற்கு ஆகாது, என் கடை மேல்மாடியில் வைத்தது இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

வயர்மேன்74:
பெட்டியில் எழுதியிருக்கும் விஏ வேறு, நிஜமாகத் தாங்கும் வாட் வேறு. இதை இங்கே இருபது தடவை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. 650 விஏ பெட்டி 400 வாட்டைக்கூடத் தொடாது. இவர் பிரிட்ஜைச் செருகியிருப்பார், கம்ப்ரசர் கிளம்பும்போது, சும்மா ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும்.

பாயான் அக்கா:
தம்பி, அவர் பிரிட்ஜ் என்று சொல்லவே இல்லையே. யுபிஎஸ் பின்பக்கம் பாருங்க. சிலவற்றில் பாதி ஓட்டைகளுக்கு பேட்டரியே கிடையாது, மின்னல் பாதுகாப்பு மட்டும்தான். நான் மூன்று மாதம் அதில் செருகி வைத்துக்கொண்டு கடைக்காரரைத் திட்டினேன்.

மழைத்தவளை:
ரவுட்டர், மகளின் லேப்டாப், மீன் தொட்டி மோட்டார். எல்லாம் பேட்டரி பக்கம்தான், மீன் தொட்டி நன்றாக ஓடுகிறது.

வயர்மேன்74:
மீன் தொட்டியா! மலிவான யுபிஎஸ் வீட்டுக் கரண்டு மாதிரி வளைவான சைன் அலை தராது, படிக்கட்டு மாதிரி அலைதான். மோட்டார் முனகும், சூடாகும். அடிப்படை தெரியாமல் வாங்கினால் இப்படித்தான்.

பட்டர்வொர்த்காரன்:
மீன் பிழைக்கட்டும் அண்ணே. 1992இல் மலேசியத் தீபகற்பம் முழுக்க இருட்டானபோது யாரிடம் யுபிஎஸ் இருந்தது, மெழுகுவர்த்திதானே.

வயர்மேன்74:
அது 1996, ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. நான் வேலையில் இருந்தேன்.

பட்டர்வொர்த்காரன்:
1992 செப்டம்பரிலும் போனது அண்ணே. எனக்கு அப்போது பரீட்சை, மறக்குமா?

கோப்பி ஓ கோசோங்:
இரண்டும் நடந்தது, விடுங்கள். தவளை, கரண்டு போனதும் ரவுட்டரில் விளக்கு எரிகிறதா?

மழைத்தவளை:
எரிகிறது. வைபை முழுசாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை.

பாயான் அக்கா:
அப்படியென்றால் ரவுட்டர் உயிரோடுதான் இருக்கிறது. சுவரிலிருந்து மெல்லிய பைபர் கம்பி வந்து சேருகிற சின்னப் பெட்டி எங்கே? அதற்கும் கரண்டு வேண்டும், அது அணைந்தால் வைபை வெறும் படம்தான். பழைய செம்புக் கம்பி போன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கரண்டில் ஓடியது, பைபரில் அது கிடையாது.

(இரண்டு மணி நேரம் பதில் இல்லை.)

மழைத்தவளை:
ஹாலில் டிவிக்குப் பின்னால் இருந்தது அக்கா, சுவர் பிளக்கில். நன்றி. ஒரு நீள எக்ஸ்டென்ஷன் இழுத்துவிடுகிறேன்.

கோப்பி ஓ கோசோங்:
ஹால் முழுக்க ஒயர் வேண்டாம், யாராவது தடுக்கி விழுவார்கள். அந்தப் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால், பவர் பேங்க் மாதிரி சின்ன டிசி யுபிஎஸ் ஒன்று போதும். ஆம்பியரையும் பிளக் முனையையும் பார்த்து வாங்குங்கள்.

வயர்மேன்74:
பேட்டரி இல்லை என்று நான் முதலிலேயே நினைத்தேன்.

பாயான் அக்கா:
நினைத்தது பிரிட்ஜை.

மழைத்தவளை:
வகுப்பு போய்விட்டது, பரவாயில்லை. பக்கத்து வீட்டு வைபை கேட்கலாமா என்று பார்த்தேன், அவர்களுக்கு மட்டும் கரண்டு போவதே இல்லை.

கோப்பி ஓ கோசோங்:
என்ன? பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டு இஎல்சிபிதான் (கரண்டு கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுகிறது. மின்னலுக்கு விழலாம், எங்காவது ஈரம் இறங்கிக் கசிந்தாலும் விழும். மழைக்கு மழை விழுந்தால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். முதலில் கேட்டேனே, தமான் முழுக்கவா என்று?

கோப்பி ஓ கோசோங்:
தவளை? இருக்கிறீர்களா?