சோலார் பேனலில் தூசி: எங்கள் பக்கத்து அனுபவம்

பர்கூரிலிருந்து:

எங்கள் மாடியில் மூன்று கிலோவாட் சோலார் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரும். பங்குனியில் மேகமே இல்லாமல் காய்ந்தும் 10 யூனிட்டைத் தாண்டவில்லை. பொருத்தியவர்களிடம் கேட்டபோது, சூட்டினால் குறைவது இயல்புதான் என்றார்கள். அதுவும் உண்மைதான். பேனலின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏற ஏற, டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். ஆனால் கழுவிய மறுநாள், அதே சூட்டில், பதினொன்றரை யூனிட் வந்தது. அப்படியானால் மீதிக் குற்றவாளி தூசிதானே!

கிரானைட் பட்டறைத் தூளும் நெடுஞ்சாலைப் புழுதியும் எங்கள் ஊரில் ஓய்வதே இல்லை. ஆனாலும் சீராகப் படியும் மெல்லிய தூசிக்கு நான் பெரிதாகப் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது திட்டுத் திட்டான அழுக்குக்கு. பேனலுக்குள் செல்கள், அதாவது மின்சாரம் உண்டாக்கும் சிறு கட்டங்கள், தொடராக இணைந்திருக்கின்றன. வாய்க்காலில் ஓரிடம் அடைத்தால் கடைமடை வரை தண்ணீர் குறைவது போல, ஒரு செல் அழுக்கில் மறைந்தாலே அந்த வரிசை முழுவதும் மின்னோட்டம் விழுகிறது. வழக்கமான பேனலில் மூன்று பைபாஸ் டயோடுகள் உண்டு. மறைந்த பகுதியைத் தாண்டி மின்சாரம் போக அவை வழிவிடும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடும். காக்கை எச்சம் காய்ந்து நாள்கணக்கில் கிடந்தால் அந்தச் செல் சூடேறி நிரந்தரமாகவே கருகக்கூடும்.

கீழ்ச் சட்டத்தின் ஓரத்தையும் பாருங்கள். நம் பகுதியில் பேனல்களைக் குறைந்த சாய்வில்தான் வைக்கிறார்கள். பனி ஈரத்தில் வழியும் தூசி அங்கே போய் இறுகி ஒரு பட்டையாக நிற்கும். தூறலோடு நின்றுவிடும் கோடை மழை அதைக் கழுவாது, சேற்றுப் புள்ளிகளைத்தான் வைத்துவிட்டுப் போகும்.

பாலக்கோட்டிலிருந்து:

தம்பி, எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? எங்கள் போர்வெல் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளைக் கறை. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரு மாவட்டத்திலும் தண்ணீர் என்றாலே புளோரைடு பற்றித்தான் பேசுகிறோம், அதற்காகத்தான் ஒக்கேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் கண்ணாடியில் படிவது கால்சியம், மெக்னீசியம் உப்பு. நான் மழைநீர்த் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவி, ரப்பர் வைப்பரால் உடனே வழித்துவிடுகிறேன். பழைய கறைக்கு வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து மென்துணியால் துடைத்தேன், போய்விட்டது. கம்பி நாரும் சோப்புத் தூளும் வேண்டவே வேண்டாம், கண்ணாடியின் மேற்பூச்சு கெட்டுவிடும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

மாந்தோப்பில் சோலார் பம்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி வடிக்கும் தேன் போன்ற பிசுபிசுப்பு மரத்தையொட்டிய பேனலில் படியும். அதில் ஒட்டும் தூசியை வெறும் தண்ணீர் அசைக்காது. வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுத்தான் துடைக்க வேண்டியிருக்கிறது.

பர்கூரிலிருந்து:

நன்றி, அண்ணா. எங்கள் பேனலிலும் அந்த வெள்ளைக் கறை இருக்கிறது. இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு, வெயில் ஏறுமுன் விடியற்காலையில் வினிகர் முறையைச் செய்துபார்க்கிறேன். நடுப்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம், யாரும் அதைச் செய்யாதீர்கள். யூனிட் கணக்கைப் பிறகு இங்கேயே எழுதுகிறேன்.