அன்று நானும் கை தூக்கினேன்

எட்டாம் வகுப்பில் ஒரு பையனுடைய கால்குலேட்டர் காணாமல் போய்விட்டது. இடைவேளையில் வெளியே போகாமல் வகுப்பில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் என் முன் பெஞ்சுக்காரன். நான் முதல் மார்க் வாங்குகிறவன் என்பதால் என் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. அவனை எழுப்பி நிறுத்திவிட்டு, "இவன்தான் எடுத்திருப்பான்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் ஆசிரியர்.

அந்த இடைவேளை முழுக்க அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கப்பல் வரைந்துகொண்டிருந்தான். எனக்குத் தெரியும். முதல் வரிசையில் நாலைந்து கைகள் எழுந்தன, அப்புறம் மடமடவென்று எல்லாக் கைகளும். நானும் தூக்கினேன். முழுசாக அல்ல. முழங்கையை டெஸ்கில் ஊன்றியபடி, காது உயரத்துக்கு. அவன் திரும்பி அந்தப் பாதிக் கையைத்தான் பார்த்தான்.

இரண்டு நாளில் கால்குலேட்டர் அதன் சொந்தக்காரன் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அதை யாரும் வகுப்பில் அறிவிக்கவில்லை. அதற்குள் இவனுக்குக் 'கால்கு' என்று பெயர் விழுந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் நிஜமாகவே திருடினான். முதலில் பேனா, பிறகு பணம். பத்தாம் வகுப்பில் அவன் இல்லை.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் நடத்திய சோதனையைக் கல்லூரியில் படித்தபோதுதான் எனக்கு உடம்பு கூசியது. மூன்று கோடுகளில் எது அளவுக்கோட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகச் செய்தால் தவறு 1 சதவீதம்கூட வராது. கூட இருப்பவர்கள் எல்லாரும் ஆஷ் முன்பே சொல்லிவைத்தபடி ஒரே தவறான பதிலைச் சொன்னபோது, 4 பேரில் 3 பேர் ஒரு தடவையாவது அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் சிலருக்குத் தங்கள் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டதாம். சிலர் தெரிந்தேதான் கூட்டத்தோடு போனார்கள். நான் தெரிந்தே போனவன். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால்கூடத் தவறுகள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தன என்ற வரியை இன்றுவரை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. அந்த ஒருவனாக நான் இருந்திருக்கலாம்.

* * *

உங்கள் வகுப்பில் எழுந்து நின்றவனின் இடத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டில் எனக்கு வைத்த பெயர் 'பொய்க்காரி'. ஆறு வயதில் ஒரு கண்ணாடி உடைந்தது, நான் உடைக்கவில்லை. சொன்னேன், யாரும் நம்பவில்லை. அப்புறம் எது சொன்னாலும் "இவ சொல்றதா?" என்றார்கள். உண்மைக்கும் அதே பதில்தான் என்றால் பொய் சொல்வதில் என்ன நஷ்டம்? பதினைந்து வயதில் சரளமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன், எவ்விதக் குற்ற உணர்வும் இல்லாமல்.

எட்வின் லெமர்ட் என்ற சமூகவியலாளர் 1951-லேயே இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஏதோ ஒரு காரணத்தால் ஒருவர் விதியை மீறுவது முதல்நிலைப் பிறழ்வு. ஊர் அதற்கு ஒரு பெயர் வைக்க, அவர் அந்தப் பெயரையே தன் அடையாளமாக ஏற்று அதன்படி நடக்க ஆரம்பிப்பது இரண்டாம்நிலை. எனக்கு முதல்நிலை என்று ஒன்று நடக்கவே இல்லை, நேராக இரண்டாவதுக்குப் போய்விட்டேன்.

என் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு வைத்த பெயர் 'சொன்ன பேச்சு கேட்கிறவள்'. எல்லாரும் மெச்சினார்கள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். சுவருக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று கேட்டால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்கு நடந்தது எனக்கு நடந்ததைவிடச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

* * *

நான் ஆசிரியை. மேலே எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. "புரிஞ்சவங்க கை தூக்குங்க" என்று நானும் தினமும் கேட்கிறேன், எல்லாக் கையும் எழுகிறது. ஆஷ் சோதனையில் பதிலை உரக்கச் சொல்லாமல் தனியாக எழுதித் தரச் சொன்னபோது கூட்டத்தோடு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்ததே, அது ஞாபகம் வந்தது. பெயர் போடாத சீட்டுகளைக் கொடுத்தேன். பாதிக்கு மேல் 'புரியலை'. ஒரு சீட்டில், 'போன வாரமும் புரியலை மிஸ்'. அன்றே பாடத்தை முதலிலிருந்து எடுத்தேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். அவனைத் தேடிப் பார்க்கலாம் என்று பழைய வகுப்புத் தோழர்கள் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேருக்கும் 'கால்கு'வை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் பெயர் என்ன என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.