அவசரம்: ஒரே ஜோடி ஃபைபரில் நாலு லிங்க், ஒன்று மட்டும் எழவில்லை

ஈசூன்தம்பி (இரவு 11.40): துவாஸில் இரண்டு கட்டடம். நடுவில் ஒரு ஜோடி ஃபைபர்தான், சிடபிள்யூடிஎம் மக்ஸ் (ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு அலைநீளம், அதாவது ஒரு ‘நிறம்’ கொடுத்து ஒரே ஃபைபரில் சேர்க்கும் பெட்டி) போட்டு நாலு 10ஜி லிங்க் ஓடுகிறது. சாயங்காலம் ஒன்று செத்தது. இந்தப் பக்கம் ஸ்பேர் எஸ்எஃப்பி (ஒளியை அனுப்பி வாங்கும் செருகி) மாற்றியும் வரவில்லை. காலை 7 மணிக்குள் சரியாகணும், உதவுங்கள்.

தேக்காவாசி: எந்த அலைநீளம்? ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளி) எவ்வளவு? ஒன்றும் சொல்லாவிட்டால் மை போட்டுத்தான் பார்க்கணும்.

கண்ணாடிநூல்: கனெக்டர் அழுக்கு. எப்போதும் அதுதான்.

ஈசூன்தம்பி: இரண்டு தடவை துடைத்தாச்சு அண்ணே. இந்தப் பக்கம் -9 டிபிஎம், அந்தப் பக்கம் -40, அதாவது ஒளியே போய்ச் சேரவில்லை.

பழையமணி: அடிப்படை படிக்காமல் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். ஈ1 (பழைய டெலிபோன் லிங்க்) காலத்தில் 2.048 எம்பிபிஎஸ்ஸை 32 நேரத் துண்டாக்கி 30 பேரைப் பேச வைத்தோம். நேரப் பகுப்பில் இந்த நிறத் தொல்லையே கிடையாது.

தேக்காவாசி: கடிகாரத் தொல்லை இருந்ததே அண்ணே? இரண்டு முனையும் ஒத்துப் போகாவிட்டால் ஸ்லிப், தகவல் விடுபடும் அல்லது இரட்டிக்கும். இங்கே ஒவ்வொரு லிங்க்கும் தன் போக்கில் ஓடும், மக்ஸுக்குக் கரண்ட்கூட வேண்டாம்.

கண்ணாடிநூல்: வீட்டு ஜிபானில் (வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையம்) நேரப் பகுப்பு, நிறப் பகுப்பு இரண்டும் உண்டு. கீழே வருவது 1490 நானோமீட்டர், மேலே போவது 1310. மேலே போகையில் வீடுகள் முறை வைத்து அனுப்பும்.

பழையமணி: அலைநீளப் பகுப்பே அதிர்வெண் பகுப்புக்குப் போட்ட புதுச்சட்டை. 1310 நானோமீட்டர் என்றால் சுமார் 229 டெராஹெர்ட்ஸ். கணக்கு தெரியுமா?

தேக்காவாசி: கணக்கில் ஒன்றுதான். ரேடியோ மாதிரி ட்யூன் பண்ண முடியாதே! மக்ஸில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு நிறம், 20 நானோமீட்டர் இடைவெளி, மற்றதை ஃபில்டர் தடுத்துவிடும். தம்பி, ஸ்பேரின் கைப்பிடி என்ன நிறம்?

ஈசூன்தம்பி: நீலம். பழையதும் நீலம், பார்த்துத்தான் மாட்டினேன்.

தேக்காவாசி: அங்கேதான் வழுக்கியது. சிடபிள்யூடிஎம்மில் நீலம் 1510. சாதாரண எல்ஆர் (நெடுந்தூர வகை) எஸ்எஃப்பிக்கும் நீலக் கைப்பிடிதான், அது 1310. வாங்கும் பக்கம் எந்த நிறத்தையும் வாங்கிக்கொள்ளும், அதனால் உங்களுக்கு -9 வருகிறது. நீங்கள் அனுப்புவது மக்ஸைத் தாண்டவில்லை. ஸ்டிக்கரைப் படிங்க.

பழையமணி: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கண்ணாடிநூல்: எங்கே சொன்னீர்கள்? 😂

ஈசூன்தம்பி (காலை 6.10): 1310தான். ஸ்டோரில் 1510 ஒன்று கிடைத்தது, எழுந்துவிட்டது. நன்றி அண்ணே, தூங்கப் போகிறேன்.

கண்ணாடிநூல்: சரி, முதலில் செத்தது ஏன் செத்தது? கனெக்டரைப் பார்த்தீர்களா?

பழையமணி: 229 டெராஹெர்ட்ஸுக்கு இன்னும் பதில் வரவில்லை.