ஸ்பெயினில் முதல் மூன்று மாதம்: பத்ரோன், சீத்தா, தியே கார்டு

இழையைத் தொடங்கியவர்

விசா ஒட்டி வாங்கினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா என்றால், உள்ளே வந்த ஒரு மாதத்துக்குள் தியே கார்டுக்கு (வெளிநாட்டவர் அடையாள அட்டை) விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் பத்ரோன் (நகராட்சியில் குடியிருப்புப் பதிவு), அதற்கும் முன் கையில் ஒரு வீட்டு ஒப்பந்தம். எந்த இடத்தில் மாட்டுகிறது, ஏன் என்று தெரிந்தவர்கள் உங்கள் ஊரை மேலே போட்டு எழுதுங்கள்.

வலென்சியா

சிக்கல் பெரும்பாலும் ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தியச் சான்றிதழ்களுக்கு முதலில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு வைக்கும் முத்திரை), அதன் பிறகே மொழிபெயர்ப்பு. தலைகீழாகச் செய்தால் அப்போஸ்டில் முத்திரை மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், திருப்பி அனுப்புவார்கள். மொழிபெயர்ப்பும் ‘த்ரதுக்தோர் ஹுராதோ’ செய்ததாக இருக்க வேண்டும். ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகத்தின் பட்டியலில் உள்ளவர் அவர். நம் ஊர் நோட்டரி முத்திரை போட்ட மொழிபெயர்ப்பு இங்கே செல்லாது.

பட்டச் சான்றிதழ், பிறப்பு, திருமணச் சான்றுகளுக்கு மாநில அளவில் அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) முடித்துவிட்டு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலுக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசிக்கு (குற்றப் பதிவு இல்லை என்ற போலீஸ் சான்று) அந்த மாநிலப் படி இல்லை, நேரே அப்போஸ்டில். பிசிசியையும் மருத்துவச் சான்றையும் கடைசியில் எடுங்கள், இரண்டுக்கும் ஆயுள் குறைவு. மருத்துவச் சான்றில் ‘2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின்படி’ என்ற வாசகம் இருந்தாக வேண்டும். ‘நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. டாக்டரிடம் அச்சடித்த மாதிரியையே நீட்டிவிடுங்கள்.

குடும்பத்தோடு வருகிறவர்கள் கவனிக்க: பழைய பிறப்புச் சான்றுகளில் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் காலியாகக் கிடக்கும். பதிவாளரிடம் பெயர் சேர்த்துப் புதுச் சான்று வாங்கிய பிறகே அப்போஸ்டில் கொடுங்கள், இல்லாவிட்டால் இரட்டைச் செலவு.

பதலோனா

பத்ரோன் என்பது நகராட்சியின் குடியிருப்போர் பதிவேடு. வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் அதுவும் பாஸ்போர்ட்டும் போதும். அறை மட்டும் எடுத்தவர்களுக்கு, அந்த வீட்டுக்கு ஒப்பந்தம் வைத்திருப்பவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும். பல வீட்டுக்காரர்கள் ‘பத்ரோன் கிடையாது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், கொடுத்த பிறகு பேச்சு எடுபடாது.

காசு வாங்கிக்கொண்டு வேறு முகவரியில் பதிந்து தருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரே சின்ன வீட்டில் இருபது பேர் பதிந்திருந்தால் நகராட்சி ஆள் அனுப்பிப் பார்க்கும், பதிவை நீக்கும். பின்னாளில் ‘இத்தனை வருடம் இங்கே இருந்தேன்’ என்று நிரூபிக்க இருக்கும் முதல் ஆதாரமே பத்ரோன்தான். அதில் ஓட்டை விழுந்தால் அடைப்பது கஷ்டம். நிரந்தர வதிவிடம் இல்லாத வெளிநாட்டவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பதிந்த கையோடு, அந்தப் பதிவைக் காட்டும் ‘வொலாந்தே’ என்ற தாள் கிடைக்கும். பல அலுவலகங்கள் மூன்று மாதத்துக்கு உட்பட்டதைத்தான் ஏற்கும், கட்டாக எடுத்து வைத்துப் பயனில்லை.

மத்ரித்

இனி சீத்தா, அதாவது தியே கார்டுக்காக அலுவலகம் போக எடுக்கும் முன்பதிவு. அது இலவசம். இணையத்தில் காசுக்கு விற்கிறவர்கள் காலி இடங்களை மொத்தமாக அள்ளிப் பதுக்கியவர்கள்தான். பெரிய நகரங்களில் ‘இப்போது சீத்தா இல்லை’ என்றே வந்துகொண்டிருக்கும். திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் அடித்தால் தளம் உங்கள் இணைப்பையே தடுத்துவிடும். விபிஎன் போட்டாலும் அதே கதை. இடம் கிடைக்கவே இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு மாதக் கெடு தாண்டினாலும், முயன்றதைக் காட்ட அது உதவும்.

பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டியது கைரேகை எடுப்பதற்கான ‘தோமா தே உவெயாஸ்’. நியே எண் (வெளிநாட்டவர் அடையாள எண்) ஒதுக்கீடு என்பது வேறு தேர்வு. பெரும்பாலும் அந்த எண் உங்கள் விசாவிலேயே இருக்கும். தவறான தேர்வில் சீத்தா எடுத்துப் போனால் கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிடுவார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஈஎக்ஸ்-17 படிவம், மொதேலோ 790 கோடு 012 கட்டண ரசீது (முதல் அட்டைக்கு 16 யூரோ அளவில்), வெள்ளைப் பின்னணியில் 32க்கு 26 மில்லிமீட்டர் புகைப்படம், பாஸ்போர்ட், விசாப் பக்கத்தின் நகல், வொலாந்தே. நம் ஊர் பாஸ்போர்ட் அளவுப் படம் பொருந்தாது. வேலை விசாக்காரர்கள் சமூகப் பாதுகாப்பில் கம்பெனி தங்களைப் பதிந்துவிட்டதா என்பதையும் முன்னாலேயே கேட்டு வையுங்கள். கட்டணத்தை முந்தின நாளே வங்கியில் கட்டிவிடுங்கள். பல கிளைகளில் ரொக்கம் வாங்குவது காலையில் சில மணி நேரம்தான்.

பாரிஸ், பிராங்பர்ட் வழியாக வந்தால் ஸ்பெயினில் முத்திரை விழாது. அப்படி வருகிறவர்கள் மூன்று வேலை நாளுக்குள் போலீஸில் நுழைவு அறிவிப்பு கொடுக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் மின்னணுப் பதிவு வந்து முத்திரை மறையத் தொடங்கிவிட்டது. வந்த நாளைக் காட்ட உதவும், போர்டிங் பாஸை எறியாதீர்கள்.

பதலோனா

குடியுரிமைக்கு எத்தனை வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற கணக்குப் பற்றியும் ஒரு வரி. ‘இரண்டே வருடம்’ என்று கொலம்பிய நண்பர் சொல்வது அவருக்குச் சரி. இபேரோ-அமெரிக்க (ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழி பேசும் அமெரிக்கக் கண்ட) நாட்டவர், பிலிப்பைன்ஸ்காரர் போன்றோருக்கு 2. இந்தியருக்கும் இலங்கையருக்கும் பொதுவாக 10, ஸ்பெயின் நாட்டவரை மணந்தவருக்கு 1. படிப்பு விசாவில் இருந்த காலம் இந்தப் பத்தில் சேராது.

வலென்சியா

பெயர் விஷயத்தை யாரும் தொடவில்லை. இங்கே படிவத்தில் முதல் குடும்பப்பெயர், இரண்டாம் குடும்பப்பெயர், பெயர் என்று மூன்று கட்டம். நம்மில் பலரது பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலி, அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். இரண்டாம் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று தாத்தா பெயரையெல்லாம் இழுக்காதீர்கள், காலியாக விடுங்கள். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே எழுத்துகளில் பத்ரோன், வங்கி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் இருக்கட்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர் என்றால் கணினி உங்களை இரண்டு ஆளாக எண்ணிக்கொள்ளும்.

கைரேகை வைத்ததும் ‘ரெஸ்குவார்தோ’ என்ற ரசீது தருவார்கள். அதிலுள்ள பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் நாற்காலியை விட்டு எழும் முன்பே படியுங்கள். அங்கேயே திருத்தச் சொல்லலாம், அட்டை அச்சான பிறகு என்றால் மறுபடி சீத்தா தேட வேண்டும். அட்டை வாங்கப் போகும்போது அந்த ரசீதும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். ரசீதைத் தொலைத்தவர்களைத் திருப்பி அனுப்புவது சகஜம்.