எண்ணெய் பாட்டில் லேபிளும் காலண்டரும் அடிக்கணும், பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி எதெல்லாம் ரெடியா இருக்கணும்?

காங்கேயம்_செக்கு:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் மரச்செக்கு வச்சிருக்கறோம், கடலை, எள்ளு, தேங்கா மூணும் ஆட்டறோம். இத்தன நாளா கேன் கொண்டு வர்றவங்களுக்கு ஊத்திக் குடுத்துட்டு இருந்தோம், இப்ப திருப்பூர் கோயமுத்தூர்ல சில மளிகைக் கடைலயும் ஒரு சூப்பர்மார்க்கெட்லயும் கேக்கறாங்க, அதனால அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டிலுக்கு லேபிள் அடிக்கணும். கூடவே வர்ற வருசத்துக்கு வாடிக்கைக்காரங்களுக்குக் குடுக்க தினசரி காலண்டர் ஒரு 500 போடலாம்னு அப்பா சொல்றாரு. ரெண்டு பிரஸ்ல கொட்டேஷன் வாங்குனேன், ஒருத்தர் சொன்னதுல பாதிதான் இன்னொருத்தர் சொல்றாரு, எப்படி இவ்ளோ வித்தியாசம் வருதுன்னு புரியலைங்க. லேபிள் ஒவ்வொண்ணும் 5000 அடிச்சா ரேட் இறங்கும்கறாங்க, மொத்தமா அடிச்சு வச்சுரலாமா? டிசைன் தங்கச்சி கேன்வாவுல பண்ணி வச்சிருக்கு. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்ணா.

சிவகாசி_ப்ரீபிரஸ்:
தம்பி, ரேட் வித்தியாசம் வர்றதுக்குக் காரணம் ரெண்டு பேரும் வேற வேற சாமானுக்கு ரேட் போட்டிருப்பாங்க. ஒருத்தர் சாதா பேப்பர் ஸ்டிக்கர்னு நெனச்சிருப்பார், இன்னொருத்தர் லேமினேஷன் (மேல பிளாஸ்டிக் படலம்), டை கட்டிங் (வடிவமா வெட்டுறது) எல்லாம் சேத்துப் போட்டிருப்பார். ஒரு தாள்ல லேபிள் அளவு மில்லிமீட்டர்ல, என்ன மெட்டீரியல், எத்தன கலர், லேமினேஷன் உண்டா, ஷீட்டா ரோலா, மொத்தம் எத்தன, எந்தத் தேதிக்கு வேணும், டெலிவரி யார் செலவுன்னு எழுதி அதே தாளை எல்லாருக்கும் அனுப்புங்க, அப்பதான் ரேட்டை ரேட்டோட ஒப்பிட முடியும்.

5000 விஷயம். ஆப்செட்ல, அதாவது தகடு செஞ்சு அடிக்கிற அச்சுல, கலருக்கு ஒரு பிளேட், நாலு கலருக்கு நாலு பிளேட், அந்தச் செலவும் மிஷின் செட் பண்ற நேரமும் 500 அடிச்சாலும் 5000 அடிச்சாலும் ஒண்ணுதான், அதனாலதான் ரேட் இறங்குது. ஆனா உங்களுக்கு மூணு எண்ணெய் ரெண்டு அளவு, ஆறு லேபிள். ஆறையும் தனித்தனியா அடிக்காம ஒரே ஷீட்ல சேத்து வச்சு ஒரே பிளேட் செட்ல அடிக்கச் சொல்லுங்க. அதுலயும் கடலெண்ணெய் அதிகமா ஓடும்னா அதுக்கு ஷீட்ல ரெண்டு மூணு எடம் குடுத்துட்டு தேங்காய்க்கு ஒண்ணு வச்சா போதும், இல்லைன்னா எல்லாம் சரிசமமா வந்து ஒண்ணு தீர்ந்துரும் ஒண்ணு பரண்ல கெடக்கும்.

தமிழ் எழுத்துதான் நான் அடிச்சுச் சொல்ற விஷயம். இங்க நெறைய பிரஸ்ல இன்னும் பழைய வெர்ஷன் கோரல்டிரா டிசைன் சாப்ட்வேர்தான் ஓடுது, போன்லயும் கேன்வாவுலயும் வர்ற உங்க யூனிகோட் எழுத்தை அதுல தொறந்தா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிரும், எழுத்துக்குப் பதிலா புள்ளி வட்டம் வந்து நிக்கும். பாமினி மாதிரி பழைய பாண்டுக்கு மாத்தி டைப் பண்ணா அங்கயும் பிழை நுழையும். அதனால எழுத்தெல்லாம் கர்வா (எழுத்தா இல்லாம வெறும் கோட்டு வடிவமா) மாத்தின பிடிஎஃப் குடுங்க, மாத்தினப்புறம் வேற ஒருத்தர உக்கார வச்சு எழுத்தெழுத்தாப் படிக்கச் சொல்லுங்க. சின்ன எழுத்து எல்லாம் வெறும் கறுப்புல மட்டும் வரட்டும், நாலு கலர் கலந்த கறுப்பு வச்சா மிஷின்ல மயிரிழை நகர்ந்தாலே மசமசன்னு ஆயிரும். வெட்டுக்கு வெளிய சுத்திலும் 3 மில்லி கலரை நீட்டி விடுங்க. மொபைல்ல பாக்குற பச்சை அப்படியே அச்சுல வராது, கொஞ்சம் மங்கும், அதனால புரூப் (மாதிரி அச்சு) போட்டுக் கையில வாங்கிப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.

கோவை_பேக்கிங்:
ஒரே ஷீட்ல சேத்து அடிக்கறது நல்ல யோசனைங்க, ஆனா எண்ணெய் பாட்டிலுக்குப் பேப்பர் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். மூடி ஓரமா ஒரு சொட்டு வழிஞ்சாலே ஊறி கறை பிடிச்சுரும், கடைல எடுக்கறவங்க கையில ஒட்டும். வெள்ளை பிபி பிலிம் (பிளாஸ்டிக்) ஸ்டிக்கர் மேல லேமினேஷன் போட்டு வாங்குங்க. சாதா ஆப்செட் மை அந்த பிலிம்ல லேசுல காயாது, மையை யுவி வெளிச்சத்துல காய வைக்கற மிஷின் இருக்கற எடமா பாத்துக் குடுக்கணும். கையில ஒட்டறதுன்னா ஷீட் போதும், மிஷின் வாங்கற யோசனை இருந்தா ரோல் எந்தப் பக்கமா சுத்தி வரணும்னு மிஷின்காரர்கிட்ட மொதல்ல கேட்டுக்குங்க.

இன்னொண்ணு, தமிழ்ல மட்டும் அடிச்சா செல்லாது. சட்டப்படி போட வேண்டிய விவரம் இங்கிலீஷ்லயோ ஹிந்திலயோ இருக்கணும், தமிழ் கூடுதலா எவ்ளோ வேணா போடலாம். எப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லோகோவோட 14 இலக்க லைசென்ஸ் நம்பர், சைவத்துக்கான பச்சைக் குறி, முழு விலாசம், புகார் சொல்ல போன் நம்பரும் மெயிலும், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி இதெல்லாம் வேணும். எண்ணெய்க்கு லிட்டரோட எடையும் போடணும், ஒரு லிட்டர் கடலெண்ணெய்னா கிட்டத்தட்ட 910 கிராம் வரும், எடையை நீங்களே உங்க எண்ணெய வச்சுப் பாத்துக்குங்க. இத்தனை டிகிரில அளந்ததுன்னு எழுதற பழைய பழக்கத்தை 2022லயே நிறுத்தச் சொல்லிட்டாங்க, பழைய பாட்டிலைப் பாத்துக் காப்பி அடிச்சுராதீங்க.

விலை, பேட்ச் நம்பர், ஆட்டின தேதி மூணும் பிரஸ்ல அடிக்காதீங்க. அதுக்கு வெள்ளையா ஒரு கட்டம் மட்டும் விட்டுட்டு, சின்ன கோடிங் மெஷின் வச்சு நீங்களே போட்டுக்குங்க. கொப்பரை விலை ஏறுனா உங்க எம்ஆர்பியும் மாறும், 5000 லேபிள்ல விலை அச்சாகிக் கெடந்தா அத்தனையும் வேஸ்ட். மாறாத விஷயம் மட்டும் அச்சுல இருந்தா 5000 தைரியமா அடிக்கலாம், ஆனா முதல் தடவை லைசென்ஸ் நம்பர் கைக்கு வந்தப்புறம், கொஞ்சமா டிஜிட்டல்ல (பிளேட் இல்லாம) அடிச்சு கடைல வச்சுப் பாத்துட்டுப் பெருசா போறது நல்லது.

மதுரை_மளிகை:
கடைக்காரனாச் சொல்றேன் தம்பி, பார்கோட ஒழுங்கா வைங்க. அழகா இருக்கும்னு பிரவுன் கலர்லயும் செவப்புலயும் கோடு போட்டுக் குடுக்குறாய்ங்க, பில் போடுற ஸ்கேனர் வெளிச்சமே பெரும்பாலும் செவப்புதான், செவப்புக் கோடு அதுக்கு வெள்ளையாத்தான் தெரியும். வெள்ளை மேல கறுப்பு, ரெண்டு பக்கமும் காலி எடம், அம்புட்டுதான். அரை லிட்டர் பாட்டில் ஒல்லியா உருண்டையா இருந்தா கோடுகளை ஏணிப்படி மாதிரி படுக்க வைங்க, இல்லைன்னா வளைவுல பாதி மறைஞ்சு போயி நாங்க நம்பரைக் கையில அடிச்சுக்கிட்டு நிக்கணும், பின்னாடி வரிசை நிக்கும்.

காங்கேயம்_செக்கு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். விலை அச்சுல போடற ஐடியாவுலதான் டிசைன் இருந்துச்சு, மாத்தச் சொல்லிட்டேன். காலண்டருக்கு எங்க செக்கு போட்டோ போட்டு அடிக்கலாமாங்க, எப்ப ஆர்டர் குடுக்கணும்?

சிவகாசி_ப்ரீபிரஸ்:
500க்கு சொந்தப் படம் போட்டா ஒரு காலண்டருக்கு செலவு எகிறிரும் தம்பி. ஆடிப்பெருக்கு அன்னைக்கு இங்க புது வருச காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட ஆரம்பிச்சிருவாங்க, முருகன், பெருமாள், இயற்கைக் காட்சின்னு ரெடியா அடிச்ச அட்டை இருக்கும், அதுல ஒண்ணை எடுத்து உங்க பேரை மட்டும் அச்சடிச்சு வாங்குறதுதான் லாபம். தேதித்தாள் எல்லாருக்கும் பொதுவா அடிக்கிறதுதான், நல்ல நேரம், ராகு காலம், விரதம், விசேஷம் எல்லாம் அதுல வந்துரும். கடைப் பேருக்குக் கீழ போன் நம்பர் பெருசா, எதிர்ச் செவுத்துல இருந்து படிக்கிற மாதிரி போடச் சொல்லுங்க. செப்டம்பருக்குள்ள ஆர்டர் குடுத்துருங்க, தீபாவளி நெருங்கிட்டா அத்தன பிரஸ்லயும் ராப்பகலா வேலை ஓடும், சின்ன ஆர்டர் பின்னாடி தள்ளிப் போகும். லேபிளையும் காலண்டரையும் ஒரே எடத்துல குடுக்கணும்னு அவசியமில்ல, பிலிம் ஸ்டிக்கருக்கு கோயமுத்தூர்லயே கேளுங்க, கலர் கோளாறு வந்தா நேர்ல போயி நிக்க உங்களுக்குப் பக்கம்.