ஈரச் சீமெந்து பட்ட காலில் வலி ஏன் பிந்தி வந்தது?

கொட்டாஞ்சேனைவாசி (கேள்வி):
என் தம்பி கொழும்பில் மேசன் வேலை செய்கிறான். மூன்று வாரங்களுக்கு முன்னர், தளத்துக்குக் கொங்கிறீட் போட்ட நாளில் முழங்காலில் நின்று மட்டம் பார்த்தபோது காற்சட்டை நனைந்து, பூட்ஸுக்குள்ளும் சீமெந்துத் தண்ணீர் இறங்கிவிட்டது. மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, "வெறும் சீமெந்துத் தண்ணீர்தானே, வேலையை முடித்துவிட்டுக் கழுவு" என்றாராம். தம்பிக்கும் அப்போது வலி தெரியவில்லை. இரவில் காலுறையைக் கழற்றினால், முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சாம்பல் நிறமாகி, தண்ணீரில் ஊறிய அப்பளம்போல் நெகிழ்ந்து கிடந்தது. அம்மா தேசிக்காய் பிழிந்து தடவினார். அதன் பின்னர்தான் அவன் துடித்துப்போனான். இப்போது வைத்தியர்கள் தோல் ஒட்டுச் சிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள். சுடவில்லை, வலிக்கவில்லை, அப்படியிருக்க இவ்வளவு ஆழமான காயம் எப்படி வந்தது? இதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

வெள்ளவத்தை ஆசிரியர்:
சகோதரி, தம்பி விரைவில் குணமடைய வேண்டும். சீமெந்து தண்ணீருடன் சேரும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகிறது. அக்கலவையின் பிஎச் பெறுமானம் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 12ஐத் தாண்டும்; அதாவது அது கடும் காரம். அமிலம் பட்டால் பெரும்பாலும் உடனே எரியும். தோலின் புரதம் உறைந்து, அமிலம் மேலும் உள்ளே போவதை ஓரளவு மறிக்கும். காரம் அப்படியன்று. தோலின் கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றி, புரதத்தையும் கரைத்துக்கொண்டு, தனக்குத்தானே வழி திறந்தபடி கீழிறங்கும். நனைந்த துணியும் பூட்ஸும் அதைத் தோலோடு அழுத்தி வைத்திருந்ததால் பல மணி நேரம் அந்த வேலை ஓசையின்றி நடந்திருக்கிறது. செய்ய வேண்டியிருந்தது, நனைந்த உடுப்பை அப்போதே கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுவதுதான். அம்மா பதற்றத்தில் செய்ததைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் புண்ணான தோலில் தேசிக்காய்ச் சாறு இன்னோர் எரிச்சலையே சேர்க்கும்.

மருந்தியல் மாணவன்:
ஆராய்ச்சி பற்றிக் கேட்டீர்கள். சீமெந்து அல்லாவிட்டாலும், இரசாயனம் தோலை எப்படி அழிக்கிறது என்பதை மூலக்கூறு வரை தொடர்ந்து சென்ற ஒருவரைச் சொல்ல வேண்டும்: ஒக்ஸ்போர்டின் உயிரிரசாயனப் பேராசிரியர் ருடோல்ஃப் பீற்றர்ஸ். 1930களில் அவர் தீட்டிய அரிசி மட்டும் தின்ற புறாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். விற்றமின் பி1 இல்லாதபோது, சீனி உடைந்து உண்டாகும் பைரூவேற்று என்ற பொருள் எரியாமல் உடலில் தேங்குவதை அவர் கண்டார். சோறு தின்னும் நம் நாட்டுக்கு, அந்த விற்றமின் குறைவால் வரும் பெரிபெரி அந்நியமான நோயன்று. அதனால்தான் இந்தக் கதை என்னை ஈர்த்தது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், தோலில் கொப்புளம் எழுப்பும் போர் நஞ்சான லூயிசைட்டு என்ற ஆசனிக் சேர்மத்துக்கு மாற்று மருந்து தேடும் பணி அவரது குழுவிடம் வந்தது. பைரூவேற்றை எரிக்க விற்றமின் பி1 துணைசெய்யும் நொதியத்தையே லூயிசைட்டும் முடக்குகிறது என்பது தெரியவந்தது. அவரது குழுவைச் சேர்ந்த ஸ்ரொக்கன், தொம்சன் ஆகிய இருவரும், ஓர் ஆசனிக் அணு புரதத்தில் இரண்டு கந்தகத் தொகுதிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது என்று கண்டு, அருகருகே இரண்டு கந்தகத் தொகுதிகளைக் கொண்ட சிறிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கினர். அது புரதத்திடமிருந்து ஆசனிக்கைப் பறித்து வளையமாகப் பூட்டிக்கொள்ளும். போர்க்கால இரகசியமாக இருந்த இவ்வேலை 1945இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. டைமெர்காப்ரோல் எனப்படும் அந்த மருந்து இன்றும் ஆசனிக் நச்சுக்கு, நிலக்கடலை எண்ணெயில் கலந்து, தசையில் ஆழமாக ஏற்றப்படுகிறது.

வலி பிந்தி வருவது பற்றிய உங்கள் கேள்விக்கு நெருக்கமானது கடுகு வாயு என்ற இன்னொரு போர் நஞ்சு. முதலாம் உலகப் போரில், 1917 யூலையில் பெல்ஜியத்தின் ஈப்ரஸில் அது முதன்முதலில் வீசப்பட்டபோது, பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தோலில் வலியே இல்லை. சில நிமிடங்களில் அது கலத்தின் டிஎன்ஏயைப் பற்றிவிடும். கொப்புளமோ பல மணி நேரம் கழித்தே எழும். அதற்கு இன்றுவரை மாற்று மருந்து இல்லை. சீமெந்தின் வழிமுறை முற்றிலும் வேறு. ஆயினும் வலி இல்லாத அந்த முதல் மணித்தியாலங்கள்தான் இரண்டிலும் மனிதனை ஏமாற்றுகின்றன.

கொட்டாஞ்சேனைவாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த மருந்தைத் தம்பிக்குக் கேட்டுப் பார்க்கலாமா? அவன் மீண்டும் இதே வேலைக்குப் போகலாமா?

மருந்தியல் மாணவன்:
கேட்க வேண்டாம், அக்கா. அது ஆசனிக் போன்ற உலோக நஞ்சுகளுக்கானது; காரம் அரித்த புண்ணுக்கு அதில் பயன் இல்லை, பக்க விளைவுகளும் உண்டு. மருந்து கட்டும் நாள்களைத் தவறவிடாமல் இருப்பதும், தோல் ஒட்டுச் சிகிச்சை வேண்டுமென்றால் தள்ளிப்போடாமல் இருப்பதுமே முக்கியம். வேலைக்குத் திரும்பும் முன் தோல் நோய் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். சீமெந்தில் உள்ள குரோமியத்துக்குச் சிலரின் தோல் ஒவ்வாமை கொள்ளும். ஒருமுறை வந்துவிட்டால் சிறிதளவு பட்டாலும் சொறி கிளம்பும். முதுகில் அப்பொருளைச் சிறிதளவு ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்தால் அது தெரிந்துவிடும். முழங்கால் உயர இறப்பர் பூட்ஸும், முழங்காலுக்கு நீர் புகாத உறையும் இல்லாமல் கொங்கிறீட் போடும் நாளில் அவரை அனுப்பாதீர்கள்.